பாதரசச் சொட்டு விழாத ஆறு பாட்டில்கள்

சபின் ஒர்லேயாவை முதலில் பார்த்தது ஆய்வகத்தின் அடித்தளத்தில். இதை எழுதுகிறவன் அன்று வேலையில் சேர வந்திருந்தான். வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே முதல் பட்டதாரி. சான்றிதழ் மழையில் நனையக் கூடாதென்று சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தவன், படிக்கட்டு தெரியாமல் கீழே இறங்கிவிட்டான். அங்கே ரப்பர் கவசம் கட்டிய ஒரு மனிதர் கண்ணாடி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"பட்டமா? மேல போ. பட்டம் வாங்கினவங்க எல்லாரும் ரெண்டாவது மாடி. இங்க பாட்டில் கழுவுறவன் மட்டுந்தான்."

'பட்டம்' என்ற சொல்லை, பல்லிடுக்கில் சிக்கிய மீன்முள்ளைத் துப்புவதுபோல் துப்பினார். அந்த முள் அங்கே முப்பத்தொன்பது வருடமாகச் சிக்கியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. முழுக் கதையையும் அவரே சொன்னார். ஒரே நாளில் அல்ல. வண்டியில் போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம்.

உண்மையில் அவர் பாட்டில் கழுவுகிறவர் இல்லை. டர்னாவா ஆற்றுப் பக்கத்துக் கிராமங்களில் எந்தக் கிணற்றில் குமிழி வந்தாலும், எந்தச் சேற்றுக்குழி கொப்பளித்தாலும், அதிலிருந்து மாதிரி பிடித்துவரும் வேலை அவருடையது. வாயு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த ஆய்வகத்தின் தொழில். ஆழமில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய வாயு ஒரு சாதி. பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறையின் சூட்டில் வெந்து பிறந்த வாயு இன்னொரு சாதி. இரண்டும் மீத்தேன்தான், எரியும்போது ஒரே நீலம்தான். ஆனால் அதிலுள்ள கரியில், அதாவது கார்பனில், எடை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. நுண்ணுயிர் சோம்பேறி, லேசான கரியைத்தான் முதலில் எடுக்கும். அதனால் அது உண்டாக்கும் வாயு லேசாக இருக்கும். வெந்த வாயு கனமாக இருக்கும், கூடவே ஈத்தேன், புரோப்பேன் என்று உறவுக்கூட்டத்தையும் அழைத்துவரும். திரான்சில்வேனியாவின் வாயு நூறு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தது: நுண்ணுயிர் வாயு, லேசானது, தனிக்கட்டை.

மாதிரி பிடிப்பவர் கை சுத்தமாக இல்லையென்றால் மாடியில் இருக்கும் எந்த மெஷினும் பொய்தான் சொல்லும். இது சபினுக்குத் தெரியும். மாடிக்கும் தெரியும் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. ஆனால் மாடி அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாடியில் உட்கார்ந்திருந்தவர் திபேரியு ப்ரெஜா. டாக்டர் ப்ரெஜா. வெர்பிட்சா கிராமத்துப் பள்ளியில் சபினோடு ஒரே பெஞ்சில் எட்டு வருடம் உட்கார்ந்தவர். இரண்டு பேரும் ஒரே ரயிலில் குளூஜ் நகரத்துக்குப் போய் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினார்கள். பலகையில் ஒட்டிய பட்டியலில், இடம் கிடைத்தவர்களில் கடைசிப் பெயர் திபேரியு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் சபின். இடையில் கால் மதிப்பெண். அந்தத் தேர்வில் வந்த நான்காவது கணக்கை, முந்தின நாள் ரயிலில் திபேரியுவுக்குச் சொல்லிக் கொடுத்ததே சபின்தான். அதைத் திபேரியு மறுத்ததில்லை. மறுத்திருந்தால்கூட நிம்மதியாக ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். "ஆமாடா, நீதான் சொல்லிக் குடுத்த" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

பொறாமை என்றால் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை சபின். சின்னச் சின்னதாகப் பார்த்துவைப்பார். திபேரியுவின் கோட்டுக்கு முழங்கையில் தோல் பட்டை வைத்துத் தைத்திருந்தால், அடுத்த வாரம் தானும் ஒன்று தைக்கச் சொல்வார். தைத்து வந்ததும் போடமாட்டார். திபேரியுவுக்குத் தலை நரைக்காதது, கண்ணாடி போடாதது, மகள் வெளிநாட்டில் படிப்பது எல்லாமே தன்னிடமிருந்து யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல் அவருக்குத் தோன்றும். திபேரியு எழுதிய கட்டுரைகள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் அச்சாகி வந்ததும் சபின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பார். அங்கே நன்றிப் பத்தி இருக்கும். அமைச்சகத்துக்கு நன்றி, பல்கலைக்கழகத்துக்கு நன்றி. முடிவில் 'தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு'. பெயர் இருக்காது.

"தொழில்நுட்பப் பணியாளர்கள்னா நாலு பேர் இருக்கணும். இந்த அடித்தளத்துல நான் ஒருத்தன்தான் இருக்கேன். என்னை எதுக்குடா பன்மையில கூப்பிடுற?" என்று ஒருமுறை கேட்டேவிட்டார். திபேரியு அதை நல்ல நகைச்சுவை என்று நினைத்து மாடி முழுக்கச் சொன்னார்.

அந்த வருடம் செப்டம்பரில் வெர்பிட்சாவின் கிணறுகளில் மாதிரி எடுக்க உத்தரவு வந்தது. ஒரு வீட்டுக் கிணற்று நீர் வாளியில் சோடாபோல் பொரிகிறது, மூடியைத் திறந்ததும் தலை சுற்றுகிறது என்று புகார். அது ரெவேய்காவின் கிணறு. ரெவேய்காவும் அதே பள்ளி, முன் பெஞ்ச். கணவர் இறந்தபின் தனியாக ஆறு கூடு தேனீக்களோடு இருந்தார்.

சபின் போனபோது ரெவேய்கா முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைத்துவைக்கும் ஸகுஸ்கா தொக்கு செய்யும் நேரம். சுட்ட சிவப்புக் குடைமிளகாயும் கத்திரிக்காயும் எண்ணெயில் கொதிக்கும் வாசனை தெருமுனை வரை வந்தது. சபின் பெட்டியைத் திறந்து பாட்டில்களை வரிசையாக வைத்தார். ஆறு பாட்டில். பக்கத்தில், மண்டையோடு படம் ஒட்டிய சின்னச் சீசா. அதில் பாதரச உப்புக் கரைசல். கிணற்று நீரில் உயிருள்ள கிருமிகள் இருக்கும். பாட்டிலுக்குள் போனபின்பும் அவை சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு சொட்டு விட்டால் அவை செத்துப்போகும், வாயு பிடித்தபடியே இருக்கும். அதோடு பாட்டிலை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கழுத்தில் ஒரு விரல் காற்று நின்றால்கூடத் தப்பு. சபின் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ரெவேய்கா மண்டையோட்டைப் பார்த்துவிட்டார்.

"சபின், அது என்னப்பா? விஷமா?"

"ரெண்டே சொட்டு. பாட்டிலுக்குள்ள மட்டுந்தான்."

"அத மூடு. என் கிணத்துப் பக்கத்துல அதத் திறக்காத. தேனீ குடிக்கிற தண்ணி இது."

நியாயமான பேச்சுதான். வண்டிக்குப் போய் விட்டுக்கொள்ளலாம் என்று சபின் சீசாவைப் பெட்டியில் வைத்துவிட்டு, கயிற்றில் கட்டிய உருளையை இறக்கி நீர் பிடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ரெவேய்கா அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டார்:

"திபி எப்படி இருக்கான்? இன்னும் பாட்டில் தூக்கிக் குடுக்கிறது நீதானா அவனுக்கு?"

சபின் உருளையை மேலே இழுத்தார்.

"ஈஸ்டருக்கு வந்திருந்தான். எவ்வளவு பெரிய ஆளு, இந்த முக்காலியில உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போனான். ஒல்லியா இருக்கான். போகும்போது ஒரு ஜாடி தர்றேன், கொண்டுபோய்க் குடு. சூடா இருக்கு, துணியில சுத்திக்கோ."

ஒரு ஜாடிதான். திபேரியுவுக்கு. நீர் பிடித்துக்கொண்டிருந்தவரின் முழங்கால் சேற்றில் இருந்தது, அவருக்கு ஒரு ஸ்பூன்கூட ருசி பார்க்கக் கொடுக்கவில்லை. ரெவேய்கா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எதிரில் இருப்பவனுக்குப் பசிக்கும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். சபினுக்கு அதுதான் தாங்கவில்லை. ஆறு பாட்டில்களின் கழுத்திலும் ஒரு விரல் அளவு காற்று நின்றதை அவர் கவனிக்கவில்லை. இடுக்கியால் மூடிகளை நெருக்கினார், பெட்டியில் அடுக்கினார், ஜாடியை முன் சீட்டில் வைத்தார், வண்டியைக் கிளப்பினார். வழி முழுக்க ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சீசா பெட்டியின் ஓரத்தில் மூடி திறக்கப்படாமல் கிடந்தது.

மாடியில் மெஷின் ஓடவில்லை. ஒரு பம்பு பழுதாகி, பாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். குளிர்பெட்டியில் வேறு மாதிரிகள் நிரம்பியிருந்தன. மருந்து விட்டாயிற்று, கெடாது என்ற நினைப்பில் சபின் ஆறு பாட்டில்களையும் ஹீட்டர் பக்கத்து அலமாரியில் வைத்தார். மூன்று வாரம் அவை அங்கே கதகதப்பாக இருந்தன.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, படிக்கட்டில் தடதடவென்று சத்தம். திபேரியு ஒரு காகிதத்தோடு ஓடிவந்தார். இத்தனை வருடத்தில் அவர் அடித்தளத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை.

"சபின், பாரு. மைனஸ் நாப்பத்தாறு. நம்ம ஊரு தண்ணி. மைனஸ் அறுபத்தெட்டு வரும்னு பார்த்தா நாப்பத்தாறு. ஈத்தேன் பங்கும் மூணு மடங்கு. ரெண்டு சாட்சியும் ஒண்ணையே சொல்லுது. ஆழத்து வாயு மேல ஏறி வருதுடா. வெர்பிட்சாவுக்கு அடியில."

எண் பூஜ்யத்தை நோக்கி வர வர வாயு கனம். நாற்பத்தாறு என்றால் வெந்த வாயு. திரான்சில்வேனியாவில் யாரும் பார்க்காதது. திபேரியு சபினைக் கட்டிப்பிடித்தார். ரப்பர் கவசத்து ஈரம் அவர் கோட்டில் ஒட்டியது. சபினுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: ஊர்கூட இவனுக்காகவே அடியில் ஒன்றை ஒளித்துவைத்திருந்திருக்கிறது.

நான்கு நாள் கழித்து வண்டியைச் சுத்தம் செய்யும்போது பெட்டி ஓரத்தில் சீசா கிடைத்தது. எடுத்துப் பார்த்தார். தொழிற்சாலை முத்திரை உடையாமல் இருந்தது.

அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கணக்கைப் போட அவருக்கு மாடி தேவைப்படவில்லை. கிருமிகள் சாகவில்லை. கழுத்தில் நின்ற காற்றை மூச்சாக்கி, மூன்று வாரம் வாயுவைத் தின்றிருக்கின்றன. சோம்பேறிகள் லேசானதைத்தான் முதலில் தின்னும். மிஞ்சியது கனம். மீத்தேன் குறைந்தபின் அதே துளி ஈத்தேன் பெரிய பங்காகத் தெரிந்திருக்கிறது. இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. பாட்டிலுக்குள் நடந்ததைச் சொல்லின. வெர்பிட்சாவுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

சீசாவைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மதியம் வீட்டில் பீன்ஸ் சூப்பை இரண்டு தட்டு சாப்பிட்டார். மனைவி சவேத்தா கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன மனுஷா, யார் செத்தா?"

சபின் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. திபேரியு நவம்பர் கடைசியில் தலைநகர் புக்கரெஸ்டில் பெரிய கூட்டத்தில் பேசப்போகிறான். யாராவது ஒருத்தன் மறுபடி மாதிரி எடுப்பான். மைனஸ் அறுபத்தெட்டு வரும். நாடே சிரிக்கும்.

"பாட்டில் பிடிச்சது யாரு?" என்றார் சவேத்தா.

"நான்."

"அப்ப உன்னையும் பார்த்துச் சிரிப்பாங்களே."

"என்னை எவனுக்குத் தெரியும்? நான் தொழில்நுட்பப் பணியாளர்கள்."

"நாப்பது வருஷமா அவன் வாழ்க்கையத்தான் நீ வாழ்ந்துகிட்டிருக்க. உன்னோடது என் தலையில. சூப்பைக் குடி."

அடுத்த வாரங்கள் சபினுக்குப் பண்டிகை. உள்ளூர் தொலைக்காட்சி வெர்பிட்சா போயிற்று. ரெவேய்கா பூப்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்று, திபி சின்ன வயதிலிருந்தே புத்திசாலி என்று சொன்னார். ஊராட்சித் தலைவர் சாலை வரும் என்றார். திபேரியு ஏற ஏற, சபின் உள்ளுக்குள் ஒவ்வொரு படியாக எண்ணினார். உயரத்திலிருந்து விழுந்தால்தானே நன்றாக அடிபடும். மாடிப் படிகளில் பார்க்கும்போதெல்லாம் அவரே முந்திக்கொண்டு "வணக்கம் டாக்டர்" என்றார். ஒருநாள் திபேரியுவின் கோட்டில் ஒட்டியிருந்த நூலைக்கூட எடுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த சீசாவை விரலால் தொட்டுக்கொண்டே.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை திபேரியு இரண்டாவது முறையாக அடித்தளத்துக்கு வந்தார். இந்த முறை ஓடிவரவில்லை. கையில் கட்டுரையின் சுருக்கம். கொடுத்துவிட்டு, பாட்டில் அடுக்குகளைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர். திபேரியு ப்ரெஜா. சபின் ஒர்லேயா.

"நன்றியில இல்ல, மேலயே போட்டிருக்கேன். நம்ம ஊரு, நம்ம கிணறு. நீ பிடிச்ச தண்ணி. முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார் திபேரியு, அடுக்கைப் பார்த்தபடியே.

சபின் கையைக் கவசத்தில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முப்பத்தொரு கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் தேடிய பெயர், முதல் பக்கத்தில், முழுசாக, எழுத்துப் பிழையில்லாமல் நின்றது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. இனி நாடு சிரித்தால் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் காகிதம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. சவேத்தா அதன்மேல் தட்டு வைக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தார். "அழகா இருக்கு உன் பேரு" என்றார் ஒருமுறை. திட்டியிருந்தால் சபினுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ரப்பர் கவசத்தோடேயே இரண்டாவது மாடி ஏறினார். திபேரியுவின் மேசையில் சீசாவை வைத்தார். முத்திரை திபேரியுவின் பக்கம் பார்த்தபடி.

திபேரியு அதை எடுத்துத் திருப்பினார். மெதுவாகக் கீழே வைத்தார். அவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஆறுலயுமா?"

"ஆறுலயும். கழுத்துல காத்தும் விட்டுட்டேன்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா." திபேரியு ஜன்னலைப் பார்த்தார். "டிவிக்காரங்க வந்தப்ப தெரியுமா?"

"தெரியும்."

"உன் பேர மேல போட்டதுனாலதான் இப்ப வந்து சொல்ற."

"ஆமா."

"போடலன்னா?"

சபின் கவசத்தின் நாடாவை இழுத்து இறுக்கினார். "சொல்லியிருக்க மாட்டேன் திபி."

வெளியே வராந்தாவில் நின்றிருந்த இதை எழுதுகிறவன், கையிலிருந்த கோப்பைக் கீழே வைக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான். கடைசியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எனக்கே தெரிஞ்சிருக்கணும். மீத்தேன் அளவு அவ்வளவு கம்மியா இருந்துச்சே. பழைய கிணறு, கசிஞ்சிருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்" என்றார் திபேரியு. பிறகு கோட்டை எடுத்தார். "வண்டிய எடு."

வெர்பிட்சாவில் மழை. திபேரியு நல்ல காலணியோடு சேற்றில் மண்டியிட்டார். ரெவேய்கா குடை பிடிக்க வந்தார், திபேரியுவுக்குத்தான். சபின் உருளையை இறக்கினார், திபேரியு விளிம்பு வரை நிரப்பினார், வேலிக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு பேருமாக ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு சொட்டு எண்ணி விட்டார்கள். இன்னொரு ஆறு பாட்டிலை மருந்து விடாமலே நிரப்பச் சொன்னார் திபேரியு. எதற்கு என்று சபின் கேட்கவில்லை.

மருந்து விட்ட ஆறும் மைனஸ் அறுபத்தெட்டு காட்டின. புக்கரெஸ்ட் பேச்சை ரத்து செய்து கடிதம் போயிற்று. அதில் மாதிரி கெட்டுவிட்டது என்று மட்டும் இருந்தது, யார் கெடுத்தது என்று இல்லை. தொலைக்காட்சி மறுபடி வரவில்லை. கிணற்றில் இருப்பது வெறும் சேற்று வாயுதான் என்று சபின் சொல்லப்போனபோது ரெவேய்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"திபி பிடிச்சப்ப ஆழத்துல இருந்துச்சு. நீ பிடிச்சதும் சேறாயிடுச்சா?"

முதலில் பிடித்ததும் தான்தான் என்று சபின் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

மருந்து விடாத ஆறு பாட்டில்கள் எதற்கு என்பது வசந்தத்தில் தெரிந்தது. திபேரியு அவற்றை ஹீட்டர் பக்கத்திலேயே வைத்து, சில நாளுக்கு ஒன்றாகத் திறந்து, வாயு எப்படிக் கனமாகிக்கொண்டே போகிறது என்று வரைபடம் போட்டார். இரண்டு சொட்டை மறந்தால் சேற்று வாயு எப்படி ஆழத்து வாயுவாக வேஷம் போடும் என்று எட்டுப் பக்கம். அவருடைய மற்ற முப்பத்தொன்றையும்விட அதைத்தான் அதிகம் பேர் கேட்டு வாங்கினார்கள். இத்தாலியிலிருந்துகூடக் கடிதம் வந்தது.

சபின் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'மாதிரிகளைச் சேகரித்த ச. ஒர்லேயாவுக்கு நன்றி.' முதல் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. அதைக் கேட்க அவர் மாடி ஏறவில்லை. 'மூணு வாரமா' என்று திபேரியு ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைகுனிந்து இறங்கி வர வேண்டியதுதான்.

அன்று வண்டியில் அவர் இதை எழுதுகிறவனிடம் சொன்னது இது: "மூளை அவன்கிட்ட, பேரு அவன்கிட்ட, ஸகுஸ்காவும் அவனுக்கு. ஒரே ஒரு தப்புதான் எனக்குன்னு இருந்துச்சு. அதையும் எடுத்து அவன் பேர்ல அச்சடிச்சுட்டான், பாத்தியா?"

இதெல்லாம் நடந்து நான்கு வருடமாகிறது. திபேரியு ப்ரெஜா சென்ற கோடையில் முன்கூட்டியே ஓய்வு பெற்று, வெர்பிட்சாவில் ரெவேய்கா வீட்டுக்கு எதிரே பழைய வீட்டைச் சீர்செய்து அங்கேயே இருக்கிறார். சபின் ஒர்லேயாவுக்கு இப்போது அறுபத்தொன்று. அதே அடித்தளத்தில் வேலை செய்கிறார், ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அந்த எட்டுப் பக்கத்தின் கடைசித் தாள், பாட்டில் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.